படி இறங்கும் இடம்

எதெல்வினா சூப்பு வாளியோடு ஏணியில் ஏறிக் கூரையை எட்டியபோது மலையில் பாதிதான் தெரிந்தது. மீதியை மூட்டம் மறைத்திருந்தது. லீமாவில் ஆகஸ்டு மாதம் அப்படித்தான். மழை என்று சொல்ல முடியாது. ஆனால் துணி காயாது, சுவர் காயாது, மனிதர்களும் காய்வதில்லை.

அன்று கான்கிரீட் போடும் நாள். பலகை அடித்து, கம்பி கட்டி, கம்பிகளுக்கு நடுவே துளையுள்ள செங்கல் அடுக்கியாகிவிட்டது. வேலையாட்கள் சுவரோரம் குந்தியிருந்தார்கள். கன்னத்தில் கோக்கா இலை அடக்கியிருந்தவர்கள் அதைத் துப்பிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்கள். ஆட்டுத்தலையும் பெரிய சோளமும் போட்டுக் கொதித்த சூப்பு. அவள் ஊற்றிக்கொண்டே வந்தாள். கடைசிக் கிண்ணத்தை மேஸ்திரி கிரிசாந்தோவிடம் கொடுத்துவிட்டு, அடுப்படிக்கு மேலே இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

படிக்காக விட்டிருந்த வாயைக் காணோம்.

நேற்றுக் காலைவரை அது அங்கே இருந்தது. கட்டில் அளவுக்குச் சதுரமான ஓட்டை. கீழே நின்று பார்த்தால் மூட்டம் தெரியும். இப்போது அங்கேயும் செங்கல் அடுக்கி, குறுக்கே கம்பி கட்டியிருந்தார்கள்.

"மேஸ்திரி, படிக்கு விட்ட வாய் எங்க?"

கிரிசாந்தோ சூப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்தவில்லை.

"மேஸ்திரி, உங்களத்தான் கேக்குறேன்."

"படி தெருப்பக்கம் போயிருச்சும்மா. அந்தா, ஓரத்துல கம்பி நீட்டியிருக்கு பாருங்க. அங்க வருது."

"யாரு சொன்னது?"

"வில்மர் தம்பிதான். நேத்து நீங்க கறி வாங்கப் போனீங்கள்ல, அப்ப சொன்னாரு. ரெண்டு பலகை, ஒரு முட்டு. பெரிய வேலை ஒண்ணுமில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலாம்ல?"

"ஆம்பள பக்கத்துல நிக்கிறாரு, சொல்றாரு. நான் எதுக்கும்மா பொம்பளயத் தேடிக்கிட்டுச் சந்தைக்கு வரணும்?"

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

எதெல்வினா குனிந்து, குறுக்கே கட்டியிருந்த கம்பியைத் தொட்டாள். அவள் கம்பிதான். பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டி வைத்துக் கீன்வா தானியக் கஞ்சியும் ரொட்டியும் விற்று, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த கம்பிகள். துருப்பிடிக்காமல் இருக்கப் பழைய எண்ணெய் தடவி, சாக்கு சுற்றி, கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள். ஆண்டுக்கணக்கில் அந்தக் கம்பிகளுக்கு மேலேதான் அவளும் மகள் லிஸ்பெத்தும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். அவற்றை வைத்தே வாயை அடைத்திருந்தார்கள்.

எங்கள் மலையில் யாரும் பிள்ளைகளுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதில்லை. பிரிக்கும் அளவுக்கு நிலம் யாரிடமும் இல்லை. காற்றைத்தான் பிரித்துக் கொடுப்பார்கள். தரையில் அப்பா. அவர் கூரைக்கு மேலே இருக்கும் காற்று ஒரு பிள்ளைக்கு, அதற்கு மேலே இருக்கும் காற்று இன்னொரு பிள்ளைக்கு. காற்றுக்குப் பத்திரம் கிடையாது. படியைத்தான் பார்ப்பார்கள். படி வீட்டுக்குள் இறங்கினால் அந்த வீட்டில் இருப்பவர்களுடையது மாடி. தெருவில் இறங்கினால், தெருக்கதவின் சாவியை வைத்திருப்பவருடையது. கூரை போடும் நாளில் வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள்தான் சாட்சி. நாளைக்குச் சண்டை என்று வந்தால், நான் அன்றைக்கு அங்கே சாப்பிட்டேன், படி எங்கே இறங்கியது என்று பார்த்தேன் என்பார்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

எதெல்வினா வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் அவள் தம்பி வில்மர் வாடகை மிக்ஸருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சிலியில் சுரங்கத்தில் வேலை. கூரைக்காக விடுப்பில் வந்திருந்தான். புதுத் தொப்பி, புது பூட்ஸ்.

"ஏன்டா வில்மர், படியத் தெருவுக்குத் தள்ளிட்டியா?"

"காலைலயே ஆரம்பிச்சிட்டியா? சூப்பு மிச்சம் இருக்கா?"

"தள்ளிட்டியான்னு கேட்டேன்."

"ஆமா. அதுதான் வசதி. யெசெனியா மேல பார்லர் வைக்கப்போறா. முடி வெட்ட வர்ற பொம்பளைங்க உன் அடுப்படிக்குள்ள பூந்து, உன் வெங்காயக் கூடையத் தாண்டியா மாடி ஏறுவாங்க?"

"மேல என் வீடுடா."

"யாரு இல்லன்னா? பின்னாடி ஒரு ரூம் விடுறேன். நீயும் லிஸ்பெத்தும் எப்ப வேணா வந்து படுத்துக்குங்க."

"வந்து படுத்துக்கவா? நான் என்ன, ஊர்ல இருந்து வந்த விருந்தாளியா?"

"கத்தாதக்கா, ஆளுங்க கேக்குறாங்க. நீ மேல போயிட்டா அப்பாவ யாரு பாப்பா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதுக்கு நேத்து நான் சந்தைக்குப் போற நேரமாப் பாத்தியா? என் முகத்துக்கு நேரா அடைச்சிருக்க வேண்டியதுதானே?"

வில்மர் துணியில் கையைத் துடைத்தான்.

"சிமெண்டு யாரோடது? ஜல்லி யாரோடது? இந்த மிக்ஸர யாரு கொண்டாந்தா? நாலு கம்பிய வாங்கிப் போட்டுட்டு வானமே என்னுதுங்கிற."

"நீ சிமெண்டு போட்டா என் மாடிக்கு மேல இருக்கிற காத்து உனக்கு. அப்படித்தானே பேச்சு?"

"உன் மாடியக் கட்டி, அதுக்கு மேல எப்ப நான் கட்டிக் குடிபோறது? அதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும்."

அவன் மனைவி யெசெனியா கண்ணாடி முன் பாதி சுருட்டிய தலையோடு வெளியே வந்தாள். "அண்ணி, எங்கிட்டக் கோவிச்சுக்காதீங்க. இவருதான் நல்ல நேரம் பாத்துச் சொல்றேன்னாரு. இன்னும் சொல்லலையா?" பிறகு, ஏதோ நினைவு வந்தவளாக, "அப்புறம் அண்ணி, அந்தத் தள்ளுவண்டிய மட்டும் இனிமே வேற எங்கயாவது நிறுத்திக்குங்க. படி கரெக்டா அங்கதான் இறங்குது. வர்றவங்களுக்கு எண்ணெ வாடை அடிக்கும்ல?"

எதெல்வினா அவளைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

அவள் அப்பா செனோபியோ கட்டிலில் உட்கார்ந்து காலணிக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. மீன் சந்தையில் பெட்டி சுமந்து கூனிய தோள். இந்த மலையில் நான்கு கழி நட்டுப் பாய் கட்டி முதலில் படுத்தவர்களில் அவரும் ஒருவர். அவளைப் பார்த்ததும் இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"அப்பா. அம்மா செத்த அஞ்சாம் நாள், அவங்க துணியெல்லாம் ஆத்துல துவைச்சோம்ல. அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் என்ன சொன்னீங்க?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"என்ன சொன்னீங்க?"

"காத்து உனக்குன்னு சொன்னேன்."

"வில்மர்கிட்ட என்ன சொன்னீங்க?"

காலணியின் மூக்கில் எச்சில் துப்பித் தேய்த்தார். "அவன் போன்ல கேட்டான். பாலைவனத்துல கெடக்குறான். ராத்திரியில வெறைச்சுப் போகுதாம். அவ்வளவு தூரத்துல இருந்து புள்ள கேக்கறப்ப இல்லன்னு எப்படிச் சொல்றது?"

"அதனால அவனுக்கும் அதையே கொடுத்துட்டீங்க."

"காத்துதானம்மா. நெறைய இருக்கு."

எதெல்வினா சுவரில் சாய்ந்தாள். செனோபியோ அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டார்.

"உனக்கு இங்க என்ன கொறை? கூரை இருக்கு, அடுப்பு இருக்கு. நீ மேல போயிட்டா எனக்குக் காலைல கஞ்சி யாரு கொடுப்பா? அவன் நாலு நாள்ல கெளம்பிருவான். அனுசரிச்சுப் போ."

"நான் மேல போனா கஞ்சி கீழ இறங்காதாப்பா? படி உள்ள இருந்தா இறங்கும். தெருவுல இருந்தாத்தான் இறங்காது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. மேஸ்திரிய வெச்சுப் பேசிக்குங்க."

"மேஸ்திரி உங்க மகனக் கை காட்டுறாரு. அவன் உங்களக் கை காட்டுறான். நீங்க மேஸ்திரியக் காட்டுறீங்க. சுத்தி வந்து பாத்தா, என்னைய மட்டும் எவனும் கேக்கல."

செனோபியோ அடுத்த காலணியை எடுத்தார்.

வீடு முழுக்க முட்டும் பலகையுமாக மரம் நின்றதால் உள்ளே தீ மூட்டக் கூடாது என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அதனால் ஒரு வாரமாகச் சமையல் எதிர்வீட்டு எவுப்ராசியாவின் முற்றத்தில். எவுப்ராசியா லிஸ்பெத்துக்கு ஞானத்தாய். இன்றைக்குப் புதுக் கூரைக்கும் அவள்தான் ஞானத்தாய்; கூரை முடிந்ததும் சிலுவை கட்டி, பாட்டில் உடைத்து வாழ்த்துவது அவள் பொறுப்பு. ரிப்பன் கட்டிய ஷாம்பெயின் பாட்டிலும் பூச்சுற்றிய சிலுவையும் அவள் வீட்டு மேஜைமேல் இருந்தன. அண்டாவில் உலர்ந்த உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் காய்ந்த மிளகாயும் வெந்துகொண்டிருந்தன. எதெல்வினா வறுத்த நிலக்கடலையை அம்மியில் வைத்து அரைக்க ஆரம்பித்தாள். கல் சத்தத்திலேயே எவுப்ராசியாவுக்கு விஷயம் இருப்பது தெரிந்துவிட்டது.

"யாரடி அரைக்கிற?"

எதெல்வினா சொன்னாள்.

"அடப்பாவி," என்றாள் எவுப்ராசியா. "நானும் ஆத்தங்கரையில அன்னிக்கு இருந்தேன். உங்கம்மா பாவாடையைப் பிழிஞ்சுக்கிட்டிருந்தேன். என் காதால கேட்டேன். அப்ப என்னைய எதுக்கு ஞானத்தாய்னு கூப்பிட்டாங்க? முடிவெட்டுற கடைக்கா? பாட்டில் எங்கிட்டதான் இருக்கு. கூரையில உடைக்கவா, அவன் தொப்பியில உடைக்கவா?"

"கூரையிலயே உடைங்க."

"அண்டாவ எறக்கி வெச்சிருவோம். சோறில்லாம எவன் வேலை செய்வான்? நான் போயி மிக்ஸர் முன்னாடி படுத்துக்கிறேன். என் ஒடம்பத் தாண்டி எவன் வர்றான்னு பாப்போம்."

"வேணாங்க்கா. மிக்ஸர் ஓடட்டும்."

"ஓடட்டுமா? உங்கப்பனுக்கேத்த மகதான் நீ."

எதெல்வினா நிமிர்ந்து எவுப்ராசியாவின் கூரையைப் பார்த்தாள். அடியில் வரிசையாக அலுமினியச் சட்டிகள் தொங்கின. அந்தக் கூரை போட்ட அன்று பாதியில் மிக்ஸர் பழுதாகி நின்றது. மறுநாள் மீதியைப் போட்டார்கள். நின்ற இடத்தில் கோடு விழுந்து, அன்றிலிருந்து அந்தக் கோட்டின் வழியே சொட்டுகிறது. கூரையை ஒரே மூச்சில் போட வேண்டும் என்பதை அந்தச் சட்டிகளைப் பார்த்தே மலையில் எல்லாரும் கற்றுக்கொண்டோம்.

"ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுல்ல?" என்றாள் எதெல்வினா.

எவுப்ராசியா சட்டிகளைப் பார்த்தாள். எதெல்வினாவைப் பார்த்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"நான் கிண்டுறேன். நீ போ."

"இப்ப இல்ல. பாதி வரட்டும்."

மிக்ஸர் கிளம்பியது. பிறகு யாரும் யாரோடும் சாதாரணமாகப் பேச முடியவில்லை. இருவர் மணலும் ஜல்லியும் அள்ளிப் போட, ஒருவர் சிமெண்டு மூட்டையை மண்வெட்டியால் கீறிக் கவிழ்த்தார். தொட்டி வயிற்றைத் திருப்பிக் கலவையைத் தகரத்தில் கக்கியது. தோளில் சாக்கு மடித்துப் போட்டவர்கள் தகர டப்பாவில் அதை ஏந்தி, சாய்த்துக் கட்டிய பலகையில் ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். மேலே கவிழ்த்துவிட்டு வேறு பலகை வழியாக இறங்கினார்கள். பலகை அவர்கள் காலடியில் துள்ளியது. அக்கம்பக்கத்து ஆண்களும் வந்து தோள் கொடுத்தார்கள். எங்களில் யாரும் கூலிக்காக ஏறவில்லை. நாளைக்கு நம் கூரைக்கு அவர்கள் ஏறுவார்கள். வில்மரும் டப்பா தூக்கினான். தொப்பி பின்னால் திரும்பியிருந்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சத்தம் போட்டான்: "சீக்கிரம்! அண்டாவுல பன்னி வெந்துருச்சு!"

கலவை பின்சுவரில் தொடங்கித் தெருவை நோக்கி வந்தது. கிரிசாந்தோ முழங்கால்வரை பூட்ஸோடு அதற்குள் நின்று கட்டையால் இழுத்துச் சமன் செய்தார். படுக்கையறை முடிந்தது. அடுப்படியின் சுவரை நெருங்கியது.

எதெல்வினா சிச்சாக் குடத்தோடு மேலே வந்தாள். சோளத்தில் புளித்த சிச்சாவைக் கண்டதும் டப்பாவை வைத்துவிட்டு நான்கு பேர் சூழ்ந்தார்கள். அவள் குடத்தை அவர்களிடமே விட்டாள். மேஸ்திரியின் கூடையில் இருந்த குறட்டை எடுத்துக்கொண்டு, செங்கல் வரிசைகளை மிதிக்காமல் தாண்டி, அடைத்த இடத்துக்குப் போனாள். கட்டுக்கம்பியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் திருகி அறுத்தாள். குறுக்குக் கம்பிகளை உருவி அப்பால் போட்டாள். செங்கல்களை எடுத்து அடுக்கினாள். அடியில் இரண்டு பலகை தெரிந்தது. அவற்றின்மேல் பாவாடையை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சிச்சா குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?" என்றார் கிரிசாந்தோ.

"உக்காந்திருக்கேன்."

"கான்கிரீட்டு வருதும்மா."

"வரட்டும். இது படி வர்ற எடம். இங்க கான்கிரீட்டு வராது."

வில்மர் டப்பாவோடு ஏறி வந்தான். அவளைப் பார்த்ததும் டப்பாவை இறக்கினான்.

"எந்திரிக்கா."

"முடியாது."

"ஊரே பாக்குது. அசிங்கமா இருக்கு."

"பாக்கட்டும். நேத்து யாரும் பாக்காதப்ப நீ செஞ்சது அழகா இருந்துச்சா?"

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. புருஷன் ஓடிப்போனது சும்மா இல்ல."

டப்பா தூக்கியவர்களில் ஒரு பெரியவர், "தம்பி, அந்தப் பேச்சு வேணாம்," என்றார்.

"ஆமாண்டா, ஓடிப்போனான்," என்றாள் எதெல்வினா. குரல் உயரவில்லை. "நீயும்தான் போன. அவன் பஸ் ஏறினான், நீ பஸ் ஏறின. அம்மாவத் தூக்கித் திருப்பிப் போட்டுத் தொடைச்சது யாரு? அப்பா மூச்சு திணறுறப்ப இந்த மலைப்படியில முதுகுல சுமந்துக்கிட்டு எறங்கினது யாரு? அப்பல்லாம் எவனும் வந்து இந்த எடம் என்னுதுன்னு சொல்லலையே. கூரைன்னதும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு வந்துட்ட. நான் உன்னோட சிமெண்டைக் கேக்கல. பார்லரக் கேக்கல. எனக்குச் சொன்ன காத்தக் கேக்குறேன். அதுக்குப் போற வழியக் கேக்குறேன்."

"அப்பாவக் கூப்பிடு! அப்பா சொல்லட்டும்!"

செனோபியோ கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மை போட்ட காலணியில் சிமெண்டுத் தண்ணீர் தெறித்திருந்தது.

"அப்பா! நீங்க சொல்லுங்க, யாருக்கு?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மிக்ஸர் மட்டும் சுற்றியது. அவர் சட்டையின் மேல் பொத்தானைத் தடவினார்.

"ரெண்டு பேரும் என் புள்ளைங்கதான்," என்றார். குனிந்து காலணியைத் துடைத்தார்.

"தம்பி, ஒரு முடிவு சொல்லுங்க," என்றார் கிரிசாந்தோ. "கலவை இறுகுது. இப்ப நின்னா இங்க கோடு விழும். அப்புறம் எதிர்வீட்டுக்காரி மாதிரிச் சட்டி கட்டித் தொங்கவிடணும்."

"கேட்டுருச்சு, கேட்டுருச்சு!" என்று தெருவுக்கு அப்பாலிருந்து எவுப்ராசியா கத்தினாள். "என் சட்டியையாவது நான் மறைக்கல!"

"ஊத்துங்க," என்றான் வில்மர். "கால்ல பட்டா தன்னால எந்திரிப்பா."

யாரும் அசையவில்லை. அவனே டப்பாவைத் தூக்கி அவளுக்கு முன்னால் கவிழ்த்தான். சாம்பல் நிறக் கலவை கம்பிகளுக்கிடையே நகர்ந்து வந்து அவள் செருப்பைத் தொட்டது. விரல்களுக்கு இடையே ஏறியது. எதெல்வினா காலை இழுத்துக்கொள்ளவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொரு டப்பா கொண்டாடா," என்றாள். "நிறுத்தாத."

வில்மர் திரும்பி அடுத்த டப்பாவுக்குக் கை நீட்டினான். தூக்கி வந்த ஆள் அதைக் கொடுக்கவில்லை. தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் நின்றான். சாய்பலகையில் கீழ்வரை ஒருவர் பின் ஒருவராக டப்பாக்களோடு நின்றுவிட்டார்கள்.

கிரிசாந்தோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். யாருக்கென்று தெரியவில்லை. "பொம்பளயக் கூரைக்குள்ள வெச்சுப் பூசுனவன்னு இந்த மலையில எனக்குப் பேரு வேணாம். பலகை கொண்டாங்கடா! ஆணி!"

அவர் அவளைச் சுற்றி நான்கு பலகைகளை நிறுத்தி அடித்தார். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இடம் கொடுத்தாள். சுத்தியல் அவள் காதருகே விழுந்தது. "கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றார். நகர்ந்தாள். "இது படிக்குப் பத்துமா?" என்று கேட்டார். அந்த வீட்டு வேலை தொடங்கியதிலிருந்து அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இன்னும் ரெண்டு சாண் நீளம் வேணும். கட்டில் ஏறணும்."

அவர் ஒரு பலகையைப் பிடுங்கித் தள்ளி அடித்தார்.

வில்மர் கீழே ஓடினான். அவள் உட்கார்ந்திருக்கும் இரண்டு பலகையையும் ஒரே ஒரு முட்டுதான் தாங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும். அவன்தான் அதைச் செருகச் சொன்னவன். அடுப்படிக்குள் நுழைந்தபோது லிஸ்பெத் அந்த முட்டில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நர்சிங் படிக்கிற பெண். அதிகம் பேச மாட்டாள்.

"தள்ளு லிஸ்பெத்."

"எதுக்கு மாமா?"

"தள்ளுன்னா தள்ளு."

"மேல எங்கம்மா. கீழ நான். இந்த முட்டத் தட்டினா ஒரே சவப்பெட்டி பத்தாது மாமா. பரவால்லன்னா தட்டுங்க." ஒரு கல்லை எடுத்துப் பார்த்து எறிந்தாள். "கையில சிமெண்டு காயுது பாருங்க. கழுவுங்க, வெடிச்சிரும்."

அவன் கையைப் பார்த்தான். பிறகு வெளியே போனான்.

கலவை எதெல்வினாவின் பெட்டியைச் சுற்றிப் பிரிந்து, மறுபடி சேர்ந்து தெரு ஓரத்துக்குப் போனது. ஆட்கள் அவளைக் கடக்கும்போது தலையைக் குனிந்து, "மன்னிக்கணும்க்கா," என்று சொல்லிக் கவிழ்த்தார்கள். கடைசி டப்பா விழுந்ததும் கைதட்டினார்கள். கிரிசாந்தோ பின்னோக்கி நடந்து சமன் செய்துகொண்டே ஏணியில் இறங்கினார். நடைபலகைகளை இழுத்துக்கொண்டார்கள்.

"அக்காவுக்கு ஒரு பலகை போட்டு வைப்போமா?" என்று யாரோ கேட்டார்.

"வேணாம்," என்றான் வில்மர். "அவளுக்கு மாடிதானே வேணும்? இருக்கட்டும் அங்கயே. காயற வரைக்கும்."

நாலாபுறமும் ஈரக் கான்கிரீட்டு. நடுவில் அவள். தூறல் சற்றே வலுத்து அவள் தலைமுடியில் பொடியாக உட்கார்ந்தது.

எவுப்ராசியா சிலுவையையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு ஏணியின் உச்சிவரை ஏறினாள். மூச்சு வாங்கியது. சிலுவையை ஓரத்துத் தூண் கம்பியில் கட்டினாள். ரிப்பனில் பாட்டிலைத் தொங்கவிட்டுச் சுத்தியலை ஓங்கினாள். கீழே எல்லாரும் குவளையோடு அண்ணாந்தார்கள்.

"செனோபியோவோட தரைக்கும் எதெல்வினாவோட கூரைக்கும்!" என்று கத்தி ஓங்கி அடித்தாள். நுரை தெருவில் நின்றவர்கள்மேல் கொட்டியது. யெசெனியாவின் சுருள் முடி நனைந்தது.

"எவுப்ராசியாக்கா, பேரு தப்பாச் சொல்றீங்க!" என்றான் வில்மர்.

"ஞானத்தாய் நானா நீயா? தெருவுல நீட்டி வெச்சிருக்கியே கம்பி, அதுல நாளையில இருந்து என் துணி காயும். ஒரு வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு படி? ஒண்ணு திருடனுக்கா?"

சிரிப்பு எழுந்தது. வில்மர் சிரிப்பவர்களைத் தேடித் திரும்பித் திரும்பிப் பார்த்தான். எல்லாப் பக்கமும் இருந்தார்கள்.

தெருவில் நனைய விருப்பமில்லாமல் எல்லாரும் வீட்டுக்குள் வந்தார்கள். அண்டா அடுப்படிக்கு வந்தது. முட்டுகளுக்கு நடுவே மேஜையை நுழைத்து, முக்காலியும் சிமெண்டு மூட்டையும் போட்டு உட்கார்ந்தார்கள். எதெல்வினாவுக்குப் பலகை இடுக்கில் எல்லாம் கேட்டது. கரண்டி அண்டாவின் விளிம்பில் தட்டுவது. யெசெனியா, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்பது. கிரிசாந்தோ, "கடலை நல்லா விழுந்திருக்கு," என்பது. நிலக்கடலையும் பன்றிக்கறியும் ஆவியாக இடுக்கு வழியே ஏறி வந்தன. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. விரல் இடுக்கில் கலவை காய்ந்து தோலை இழுத்தது. ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. அவள் செய்த குழம்பைத்தான் பேசினார்கள். கரண்டி சத்தம் மாறியது. அடி சுரண்டுகிறார்கள்.

அப்போது அவள் பலகையை மூன்று முறை தட்டினாள்.

கீழே லிஸ்பெத் எழுந்தாள். ஏணியைக் கொண்டுவந்து மேஜைக்கு அருகே சாத்தினாள். "கொஞ்சம் தலையப் பாத்துக்குங்க," என்று பொதுவாகச் சொன்னாள். சுத்தியலின் பின்புறத்தால் முட்டின் அடியைத் தட்டினாள். முட்டு சாய்ந்தது. மேலே எதெல்வினா பெட்டியின் பக்கப்பலகைகளில் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள். ஒரு பலகை தொங்கி, ஆடி, விழுந்தது. பிறகு அடுத்தது. மேஜைமேல் இருந்த பீர் பாட்டில் உருண்டது.

கூரையிலிருந்து ஒரு கால் இறங்கியது. சிமெண்டு பூசிய செருப்பு. கலவை காய்ந்த விரல்கள். ஏணியின் மேல்படியைத் தேடியது, கண்டது. பிறகு இன்னொரு கால். பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எதெல்வினா இறங்கினாள். கூடவே வெளிச்சமும் தூறலும் இறங்கின. மெல்லுவதை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்த்தார்கள்.

அவள் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"எல்லாரும் சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

கிரிசாந்தோ பக்கம் திரும்பினாள்.

"மேஸ்திரி, சாப்டீங்களா?"

"சாப்டேம்மா."

"யெசெனியா?"

"சாப்டேன் அண்ணி."

ஒவ்வொருவராகக் கேட்டாள். ஒவ்வொருவரும் சொன்னார்கள். வாசலில் நின்று தின்றுகொண்டிருந்த நாங்களும் சொன்னோம். வில்மரிடம் வந்தாள்.

"நீ சாப்டியாடா?"

அவன் முன்னால் தட்டு வழித்துச் சுத்தமாக இருந்தது. அந்தத் தட்டை எல்லாரும் பார்த்தார்கள்.

"அப்ப எல்லாரும் பாத்துக்குங்க," என்றாள் எதெல்வினா. "படி இங்கதான் இறங்குது. மேஜையத் தள்ளுங்க."

கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. கூரையில் திறந்த வாயிலிருந்து தூறல் மேஜைமேல் விழுந்தது. அதற்கு நேர் கீழே செனோபியோ உட்கார்ந்திருந்தார். மகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முக்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தார்.